பதுளைக்கு ஒரு ஓட்டம்

காலை ஏழரைக்குள் ஆறு லொறிகளும் வெளியே போய்விடும். கடைசி லொறி வாசலைக் கடந்து கீழே இறங்கிய பிறகு தொழிற்சாலை முற்றத்தில் எண்ணெய்க் கறைகளும், வெயில் விழும் இடத்தைத் தேடும் இரண்டு நாய்களும், நானும் மிஞ்சுவோம். என் அலுவலகம் தராசுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அறை. ஒரு மேசை, ஒரு ஜன்னல், இரண்டு தொலைபேசிகள். பகல் முழுக்க அந்தத் தொலைபேசிகள்தான் எனக்கு ஆள் துணை.

பசறையிலிருந்து நமுனுகுலவுக்கு ஏறும் வழியில் இருக்கிறது இந்தத் தேயிலைத் தொழிற்சாலை. தொழிற்சாலைக்குச் சொந்தமாகத் தோட்டம் கிடையாது. பசறை, லுணுகலைப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் பறிக்கும் பச்சைக் கொழுந்தை வாங்கித்தான் தேயிலை ஆக்குகிறோம். அவர்கள் கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கும் மடுவங்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. எந்த லொறி எந்த மடுவத்துக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும், எப்போது திரும்பவேண்டும் என்று பார்ப்பது என் வேலை. கொழுந்து பைக்குள் நெருக்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்து எதற்கும் உதவாது. ஆகவே பகல் முழுக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்க வர்றீங்க?"

எனக்கு ஒரு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நான் அனுப்பும் வீதிகளில் பாதியை நான் பார்த்ததும் கிடையாது. சாரதிகள் வைத்திருக்கும் பெயர்களால் அவற்றை அறிந்து வைத்திருந்தேன். பலாமரத்து வளைவு, கோயில் ஏற்றம், உடைஞ்ச மதகு. எந்த வளைவில் சிக்னல் கிடைக்கும், எங்கே அரை மணித்தியாலம் ஒருவரையும் பிடிக்க முடியாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு லொறி அந்த அரை மணித்தியாலத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

குவாட்டர்ஸ் தொழிற்சாலைக்குப் பின்னால். ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும். அம்மா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், இறந்து நாளாகிவிட்டது. தம்பி வெளிநாட்டில். கல்யாணம் பேசி வந்தவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் நின்றுபோயின. பிறகு பேசுவதற்கே ஆள் இல்லாமல் போயிற்று. சாரதிகள் மத்தியானம் டயர் அறைக்குப் பக்கத்தில் பலகை போட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் பக்கமாக நான் போனால் சிரிப்பு தாழ்ந்துவிடும். ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். "என்னாங்க மிஸ், ஏதும் வேணுமா?" மரியாதைக்குக் குறைவே இல்லை. ஆனால் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "ஒக்காருங்க" என்று யாரும் சொன்னது இல்லை. நானும் எதிர்பார்க்காமல் பழகிக்கொண்டேன்.

லுணுகலை வழிக்குப் போகும் சாரதி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான மனிதர். நேரில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். தொலைபேசியில் பேச்சு நிற்காது. இடத்தைச் சொல்லப் போன் எடுப்பார், கூடவே இன்னொன்றும் சொல்வார்.

"மிஸ், கோயில் ஏத்தத்துக்கு வந்துட்டேன். இங்க ஒரு மயில் நடுரோட்டுல நிக்குது. ஹாரன் அடிச்சாலும் போகுதில்ல. என்னா செய்யட்டும்?"

"எறங்கிப் போயி கும்பிட்டுக் கேளுங்கண்ணே."

"கேட்டுட்டேன். மிஸ்கிட்ட பெர்மிஷன் வாங்கிட்டு வரச் சொல்லுது."

போனை வைக்கும் முன் ஒவ்வொரு நாளும் கேட்பார். "சாப்ட்டீங்களா மிஸ்?" ஆறு பேரில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதில் வேறு எந்த அர்த்தமும் இல்லை. ஆனால் பகல் பன்னிரண்டு மணி நெருங்கும்போது நான் அந்த அழைப்புக்காகக் காத்திருந்தேன் என்பதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

அவருடைய மனைவியை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். தொழிற்சாலையில் பொங்கல் வைத்த நாளில் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உருண்டை முகம், சத்தமான சிரிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அந்த மிஸ்? இவரு வீட்ல வாயே தொறக்கிறதில்ல. எல்லாப் பேச்சையும் உங்ககிட்டயே பேசி முடிச்சிட்டு வந்துருவாரு போல."

அவர் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது லொறியில் எனக்கு ஒரு பார்சல் வரும். பலாக்கொட்டைக் கறி, சில நாள் ரொட்டியும் சம்பலும். டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பும்போது உள்ளே போட என்னிடம் பெரிதாக எதுவும் இருக்காது. ஒரு பைக்கட் தேயிலை போட்டு அனுப்புவேன். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தேயிலை வருகிறது என்று அவர்கள் வீட்டில் சிரித்திருப்பார்கள்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்னால் அவருடைய மனைவிக்குக் காய்ச்சல். பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, நாளை மறுநாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அன்று காலையில்கூட அவர் சொல்லிவிட்டுத்தான் லொறியை எடுத்தார். கூட இருந்து பார்த்துக்கொள்ள மனைவியின் தங்கச்சி இருந்தார்.

பதினொன்றரைக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. அந்தத் தங்கச்சிதான். மூச்சு வாங்கியது.

"மிஸ், மச்சானோட போன் போகுதில்ல. அக்காவுக்கு ரொம்ப ஏலாது. காலையில இருந்து மூச்சு எடுக்கக் கஷ்டப்படுது. வேற வார்ட்டுக்கு மாத்திட்டாங்க. வீட்டுக்காரர உடனே வரச் சொல்லுங்கன்னு டாக்டர் சொல்றாரு. தயவுசெஞ்சு அவரைக் கொஞ்சம் அனுப்புங்க மிஸ்."

அவர் அந்த நேரம் லுணுகலைக்கும் அப்பால், பிபிலைப் பக்கமாக இறங்கும் வீதியில் ஆகத் தொலைவான மடுவத்தில் இருப்பார். சிக்னல் இல்லாத இடம். நான் செய்யவேண்டியதை எல்லாம் சரியாகத்தான் செய்தேன். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் ஓடிப்போய் அலுவலக வேனைக் கேட்டேன். பிரேக் வேலைக்காக அன்று ஒரு லொறி நின்றிருந்தது. அதை ஓட்டும் பதுளைக்காரர், ஒரு முஸ்லிம் சாரதி, சும்மா இருந்தார். அவரை வேனோடு பசறைக்கு அனுப்பினேன். லொறியைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவர மெக்கானிக்கையும் கூட அனுப்பினேன். லுணுகலையிலிருந்து அவர் பசறைக்கு வந்ததும் லொறியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, வேனில் ஏறி நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இதைவிட விரைவான வழி கிடையாது.

மிச்சம் இருந்தது அவரிடம் சொல்வது மட்டும்தான்.

பன்னிரண்டுக்குப் பிறகு அவரே எடுத்தார்.

"மிஸ், லோட் ஏத்திட்டேன். லுணுகலைக்கு ஏறிக்கிட்டு இருக்கேன். இன்னைக்குக் கொழுந்து நல்லாருக்கு."

என் கண் முன்னால் அந்த வீதி வந்தது. நான் பார்த்தே இராத வீதி. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், பஸ் வந்தால் பின்னால் எடுக்கவேண்டிய வளைவுகள். நான்காயிரம் கிலோ கொழுந்தோடு, மனைவி சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்த ஒரு மனிதர் அந்த வீதியில் எப்படி ஓட்டுவார்?

"அண்ணே, மிச்ச மடுவத்துக்கெல்லாம் போகவேணாம். நேரா பசறைக்கு வாங்க. அங்க நம்ம வேன் நிக்குது. லொறிய மெக்கானிக் எடுத்துட்டு வருவாரு."

"ஏன் மிஸ்? என்னா விஷயம்?"

"உங்களுக்குப் பதுளைக்கு ஒரு ஓட்டம் இருக்கு."

சொல்லிவிட்டேன். அவருடைய குரல் மலர்ந்துவிட்டது.

"பதுளைக்கா? அட, நல்லதாப் போச்சு. அப்படியே ஆஸ்பத்திரிக்கும் எட்டிப் பாத்துட்டு வந்துருவேன் மிஸ், பரவால்லதானே? அது தோடம்பழம் கேட்டுச்சு. லுணுகலையில வாங்கிக்கிறேன்."

"சரிண்ணே. சீக்கிரம் வாங்க."

"சாப்ட்டீங்களா?"

"ம்."

ஒரு மணிக்கெல்லாம் அவர் பசறைக்கு வந்திருக்கவேண்டும். வேனோடு போன பதுளைக்காரர் போன் எடுத்து, இன்னும் லொறியைக் காணோம் என்றார். நான் லுணுகலைச் சாரதியின் எண்ணை அடித்தேன். உடனே எடுத்தார். பின்னால் தட்டுகளின் சத்தம், யாரோ சிங்களத்தில் பிளேன்டீ கேட்கும் சத்தம்.

"லுணுகலை டவுன்ல சாப்புடுறேன் மிஸ். மத்த மடுவம் இல்லதானே, டைம் இருக்குன்னு ஒக்காந்துட்டேன். தோடம்பழமும் வாங்கிட்டேன். இந்தா, கை கழுவிட்டுக் கெளம்பிட்டேன்."

அந்த நேரம் அவருடைய லொறி நின்றுகொண்டிருந்தது. அவர் ஒரு பலகை வாங்கில் உட்கார்ந்திருந்தார். வளைவும் இல்லை, பள்ளமும் இல்லை. என்னிடம் இருந்த ஒரே காரணம் அப்போது இல்லாமல் போயிருந்தது. அப்படியிருந்தும் நான் சொன்னது இவ்வளவுதான்:

"கொஞ்சம் சீக்கிரம் வாங்கண்ணே."

அவர் பசறைக்கு வந்தபோது இரண்டு மணிக்குக் கால் மணித்தியாலம் இருந்தது. வேன் டவுனைத் தாண்டியதும் பதுளைக்காரர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் தோடம்பழப் பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். அவர்கள் மாடிப்படி ஏறியபோது இரண்டரை. அவருடைய மனைவி இரண்டேகாலுக்கு இறந்திருந்தார்.

மூன்று மணிக்குப் பதுளைக்காரர் எனக்கு எடுத்தார். "முடிஞ்சிருச்சு மிஸ்" என்றார். வெளியே மெக்கானிக் கொண்டுவந்த லொறியிலிருந்து கொழுந்துப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எடையைக் குறிப்பதற்காக என்னைக் கூப்பிட்டார்கள். போய்க் குறித்தேன்.

மறுநாள் அடக்கம். பசறைக்குக் கிட்ட ஒரு தோட்டத்து லயத்து வரிசையில் அவர்கள் வீடு. தொழிற்சாலை ஆட்களோடு நானும் வேனில் போனேன். முற்றத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். அவர் தூணோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள்கள் இருவரும் உள்ளே. நான் பெண்கள் பக்கமாகப் போய் நின்றேன். தங்கச்சி என்னைப் பார்த்ததும் அழுதுகொண்டு எழுந்துவந்தார். செத்த வீட்டில் எல்லோரும் நேரத்தைத்தான் பேசுவார்கள். எத்தனை மணிக்குக் கண் திறந்தது, எத்தனை மணிக்குத் தண்ணீர் கேட்டது. தங்கச்சியும் அதைத்தான் பேசினார்.

"பதினொன்னரைக்கு நான் மிஸ்ஸுக்குப் போன் பண்ணேன். அப்பகூட அக்கா பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. 'அவரு எங்க, அவரு எங்க'ன்னுதான் கேட்டுச்சு."

அதில் என்மேல் குறை எதுவும் இல்லை. ஆனால் தூணோரமாக இருந்தவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். மனதுக்குள் ஏதோ கணக்குக் கூட்டுவதுபோல, பதினொன்றரையையும் பன்னிரண்டையும் ஒன்றையும் அடுக்கிப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

கருமாதி முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். அதே வழி, அதே லொறி. இடத்தைச் சொல்ல எடுப்பார். "லுணுகலை." "பலாமரத்து வளைவு." அவ்வளவுதான். நான் "சரிண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்துவிடும். மத்தியானம் வந்துபோனது. நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஆள் இல்லை. உண்மையில் பல நாள் நான் சாப்பிடவும் இல்லை.

மற்றவர்களும் மாறினார்கள். இதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். நான் சாதாரணமாக எடுத்து, "நேரா ஸ்டோருக்கு வாங்க" என்று தொழிற்சாலைக்குக் கூப்பிட்டாலும் மறுமுனையில் எஞ்சின் சத்தம் தாழும். பிறகு, "ஏன் மிஸ்? வீட்ல ஏதுமா?" என்பார்கள். மடுல்சீமைப் பக்கம் போகும் சிங்களச் சாரதி, என் எண் திரையில் வந்தாலே லொறியை ஓரம் கட்டிவிடுவாராம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யாருடைய பக்கத்திலும் உட்கார்ந்தது இல்லை. என் குரல் ஒன்றுதான் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. இப்போது அந்தக் குரலைக் கேட்டாலே பயந்தார்கள்.

லுணுகலைச் சாரதியிடம் போய்ப் பேசவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். காலையில் சாவியை வாங்க வரும்போது சொல்லிவிடலாம் என்று இருப்பேன். கூட இன்னொருவர் நிற்பார். இல்லாவிட்டால் ஒருவரும் நிற்கமாட்டார்கள். அப்போது வாய் வராது. இப்படியே ஆறு மாதம் போயிற்று.

மழைக்காலத்தில் ஒருநாள் பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் மண்சரிந்து வீதி அடைபட்டது. அவருடைய லொறி கொழுந்தோடு மறுபக்கம் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் இன்னொரு லொறியைக் கொண்டுபோய், பைகளைத் தோளில் சுமந்து மாற்றுவதுதான் வழி. மாற்றும்போது பைகளை எண்ணி எழுத ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்பவர் லீவு. டீமேக்கர் ஐயா என்னைப் போகச் சொன்னார். அப்படித்தான் நான் இத்தனை வருடம் பெயர்களால் மட்டுமே அறிந்திருந்த வீதியை முதல்முறையாகப் பார்த்தேன்.

சேற்றில் கால் புதைய மண்மேட்டைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தேன். அவர் லொறியின் கால்படியில் உட்கார்ந்திருந்தார். சுமக்கும் ஆட்கள் வரவில்லை. பெக்கோ இயந்திரம் ஒன்று மண்ணை வாரிப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, கதவைத் திறந்து, "உள்ள ஒக்காருங்க மிஸ், நனையாதீங்க" என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் சுற்றிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியில் நீர் வழிந்தது.

"மிஸ், ஒன்னு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"பன்னண்டு மணிக்கு நான் பேசுனப்ப உங்களுக்குத் தெரியும். அது எனக்கு வெளங்குது. ரோட்டுல இருக்கான், சொன்னா எங்கயாவது பள்ளத்துல விட்டுருவான்னு நெனச்சிருப்பீங்க. ஆனா சாப்பாட்டுக் கடையில இருந்தப்ப எடுத்தீங்களே. அப்ப ஏன் சொல்லல?"

ஆறு மாதமாக நான் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. பதில் தெரியாமல் இல்லை.

"பயந்துட்டேன்" என்றேன். "நீங்க சந்தோஷமாப் பேசிக்கிட்டு இருந்தீங்க. நான் சொன்னா உங்க குரல் மாறும். அதக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. வேற யாராவது சொல்லட்டும்னு விட்டுட்டேன். உங்களுக்காகன்னு சொல்லிக்கிட்டேன். உங்களுக்காக இல்ல."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"நீங்க சொல்லியிருந்தா நேரத்துக்குப் போயிருப்பேனோ என்னமோ, தெரியாது. போற வழியில விழுந்திருந்தாலும் விழுந்திருப்பேன். அதையெல்லாம் நான் யோசிச்சிட்டேன் மிஸ். எனக்கு அது இல்ல." கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். "அன்னைக்கு அந்தக் கடையில கறி நல்லாருந்துச்சு. ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அங்க அது 'அவரு எங்க'ன்னு கேட்டுக்கிட்டு இருக்கு. இங்க நான் ரெண்டாந்தரம் சோறு வாங்குறேன். அதுதான் மனச விட்டுப் போகுதில்ல."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "மன்னிச்சிருங்கண்ணே" என்று ஜன்னலிடம்தான் சொன்னேன்.

"ம்" என்றார். பிறகு, "இனிமே ஏதும்னா ஓரமா நிப்பாட்டச் சொல்லுங்க. நிப்பாட்டுனதும் சொல்லிருங்க. அவ்வளவுதான் மிஸ். நாங்க ஒன்னும் கொழந்தப்புள்ளைங்க இல்ல."

ஓரமாக நிறுத்தச் சொல்வது. அந்த ஒரு வார்த்தை அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

சுமக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் இறங்கிப் பைகளை எண்ணினேன். அவரும் ஒரு பையைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்மேட்டில் ஏறினார்.

அந்த வாரமே ஆறு சாரதிகளிடமும் தனித்தனியாகக் கேட்டேன். வழியில் இருக்கும்போது கெட்ட செய்தி வந்தால் சொல்லட்டுமா, வேண்டாமா? கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. போன வருடம் கல்யாணம் முடித்த ஒருவர் கோபப்பட்டார். "காலங்காத்தால என்ன கேள்வி மிஸ் இது?" என்று சாவியைப் பறித்துக்கொண்டு போனவர், சாயந்தரம் திரும்பிவந்து, "சொல்லிருங்க" என்று மட்டும் சொன்னார். சிங்களச் சாரதி, தனக்குச் சொல்லவேண்டாம், தன் அண்ணனுக்குச் சொன்னால் அவர் வழியில் வந்து நிற்பார் என்றார். பதுளைக்காரர் யோசித்துச் சொன்னார்.

"மௌத்துன்னா சொல்லுங்க மிஸ். அதுக்கப்பறம் ஓடி என்ன செய்ய. மெதுவாத்தான் வருவேன். உசிரு இருக்குன்னா நிப்பாட்டச் சொல்லிட்டு, வேற டிரைவர அனுப்பிட்டு, பொறகு சொல்லுங்க."

அவர்தான் கதவுவரை போய்விட்டுத் திரும்பிக் கேட்டார்.

"உங்களுக்கு ஏதும்னா நாங்க யாருக்குச் சொல்றது?"

தம்பியின் எண்ணைக் கொடுத்தேன். அவர் அதைத் தன் தொலைபேசியில் பதிந்து, சரியா என்று பார்க்க அந்த இடத்திலேயே அடித்தார். அந்த எண் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. தம்பி எண்ணை மாற்றியிருக்கிறான். எப்போது மாற்றினான் என்றுகூட எனக்குத் தெரியாது. பதுளைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "பொறகு தாங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லுணுகலைச் சாரதி அடுத்த வருடம் வேலையை விட்டார். மகள்களை மனைவியின் தங்கச்சியோடு பண்டாரவளையில் சேர்த்துப் படிக்கவைத்திருந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று அங்கேயே ஒரு பாடசாலை வேன் ஓட்டப் போய்விட்டார். கடைசி நாள் சாவியை மேசையில் வைத்தார். "போயிட்டு வர்றேன் மிஸ்" என்றார். "வாங்கண்ணே" என்றேன். அதுவரை எங்களுக்குள் பழைய பேச்சு திரும்பவில்லை. ஆனால் மண்சரிவுக்குப் பிறகு அவர் நான் "சரிண்ணே" என்று சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துதான் வைப்பார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் புது எண்ணைத் தேடினேன். ஸ்பிரிங்வெளியில் பழைய பக்கத்து வீட்டாரிடம் இருந்தது. அடித்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"அக்கா? என்னா, யாருக்கும் ஏதுமா?"

"யாருக்கும் ஒன்னும் இல்ல."

"பொறகு?"

"சும்மா எடுத்தேன்."

"சும்மாவா?" அவனுக்கு அது பிடிபடவில்லை. பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். பொறு என்று அவர்களிடம் வேறு மொழியில் சொன்னான். "சரி, சொல்லுக்கா."

இங்கே ஒரு வாரமாக மழை என்றேன். அங்கே தார் உருகுகிற வெயில் என்றான். என்ன சமைத்தாய் என்று கேட்டான். இன்னும் இல்லை, பருப்பும் கீரையும் வைக்கப்போகிறேன் என்றேன். தனக்கும் பருப்புத்தான் என்றான். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். பத்து நிமிடம் இருக்கும். அடுத்த ஞாயிறு தானே எடுப்பதாகச் சொன்னான். எடுத்தாலும் எடுப்பான், மறந்தாலும் மறப்பான். வைத்துவிட்டு, அந்தப் புது எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பதுளைக்காரருக்குக் கொடுப்பதற்காகக் கைப்பைக்குள் வைத்தேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தேன்.